ஒண்ணை மட்டும் மாத்து

என் எழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரும் திருத்த வேண்டாம். இதைத் திருத்தக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மில்லில் நாங்கள் எல்லோரும் அவரை லேப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூலைச் சோதித்துப் பார்க்கும் லேபில் அவருக்கு வேலை. நூல் நூற்கும் ரிங் பிரேமிலிருந்து நூல் பாபின்களைப் பொறுக்கி, டிரேயில் அடுக்கி, லேபில் கொண்டுபோய் வைப்பது என் வேலை. அவர் நூலை இரண்டு கொக்கிகளில் மாட்டி, அறுந்து போகும்வரை மெஷினில் இழுப்பார். அறுந்த இடத்தில் முள் நிற்கும். அதுதான் அந்த நூலின் பலம். நாள் முழுக்க நூலை அறுப்பதுதான் வேலை.

எதற்கெடுத்தாலும் அவரிடம் ஒரே பேச்சுதான். ஒண்ணை மட்டும் மாத்து.

நூல் பலமில்லை என்று சூப்பர்வைசர் வந்து நிற்பார். அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்பார்: "பஞ்சையும் மாத்திட்டிய, ஸ்பிண்டில் ஸ்பீடையும் கூட்டிட்டிய. இப்ப நூல் அறுந்தா நான் யாரைப் பிடிச்சுக் கேக்க? பஞ்சையா, ஸ்பீடையா?"

ஒரு நாள் நான் புதுக் கண்ணாடியும் புதுச் செருப்பும் போட்டுக்கொண்டு வந்து, லேப் வாசற்படியில் தடுக்கி, டிரேயோடு விழுந்தேன். பாபின் எல்லாம் உருண்டது. தூக்கிவிடும் முன்பே கேட்டார்.

"ரெண்டையும் ஏன்யா ஒரே நாள்ல மாத்துன? இப்ப தடுக்குனது கண்ணா, காலா?"

எனக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் சிரித்தால் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் போகமாட்டேன். அன்றைக்கு என்னவோ எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தார். மறுநாள் பழைய செருப்பில் போனேன். தடுக்கவில்லை. "அப்ப செருப்புதான்" என்று சொல்லிவிட்டு நூலை மாட்டினார்.

அவர் வீடும் ஸ்ரீவில்லிபுத்தூர், என் வீடும் ஸ்ரீவில்லிபுத்தூர். மில் வேனில் சேர்ந்து வருவோம், போவோம். ஒரு சனிக்கிழமை வேனில் கேட்டார்.

"தம்பி, உனக்குச் செஸ் ஆடத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"சுத்தமா?"

"குதிரை எதுன்னு தெரியும்."

"அது போதும். நாளைக்கு வீட்டுக்கு வா. உன் வீட்டுக்காரியையும் கூட்டிக்கிட்டு வா."

கோயில் தேர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் அவர் வீடு. கல்யாணம் ஆகாதவர். அவரும் அம்மாவும் மட்டும். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அம்மாவுக்கு நினைவு போய் வருஷங்கள் ஆகியிருந்தன. கட்டிலில் உட்கார்ந்து சேலை முந்தியை மடித்துக்கொண்டே இருப்பார். மடித்து, பிரித்து, மறுபடி மடித்து. சாப்பாடு ஊட்டும் மகளைப் பார்த்து, "எவரம்மா நுவ்வு?" என்று தெரியாதவரிடம் கேட்பது போலக் கேட்பார். நீ யாரம்மா என்று அர்த்தம். அக்கா ஒவ்வொரு தடவையும் தன் பெயரைச் சொல்வார். ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அந்த அம்மாளுக்கு அது தொடங்கிய வயதை நெருங்கிக்கொண்டிருந்தார் அக்கா. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. என் மனைவிதான் கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

அந்த அறையில் மேஜை மேல் வரிசையாகச் செஸ் ஆடும் மெஷின்கள். முதலாவது, ராணுவத்திலிருந்த அண்ணன் எந்தக் காலத்திலோ டெல்லியில் வாங்கி அனுப்பியது. பலகையே மெஷின். கட்டத்தில் காயை வைத்து அழுத்தினால் கேட்டுக்கொள்ளும். பொறவு அது யோசித்து, ஓரத்தில் சிவப்பு விளக்கு எரியவிட்டு, தன் காயை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும். வைக்கக் கூடாத கட்டத்தில் வைத்தால் கீச்சென்று கத்தும். இரண்டாவது, மில் ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர். மூன்றாவது, தவணையில் வாங்கிய லேப்டாப். நான்காவது அவருடைய செல்போன்.

"இந்தப் போன் இருக்கே, இது உலகத்துல யாரையும் ஜெயிச்சிரும்" என்றார். "அண்ணன் அனுப்புனது என்கிட்டயே தோக்கும். நடுவுல என்ன மாறுச்சு? மெஷினுக்கு வேகம் கூடுச்சா, உள்ள இருக்குற புத்தி கூடுச்சா? எல்லாரும் ரெண்டையும் சேர்த்துப் பார்த்துட்டு ஆகா ஓகோங்காங்க. எது எம்புட்டுன்னு ஒருத்தனும் பிரிச்சுப் பார்க்கல."

பிரித்துப் பார்ப்பதற்குத்தான் நான். ஒரு மெஷின் சொல்லும் காயை இன்னொரு மெஷினில் நகர்த்த வேண்டும். அவரே செய்யலாமே என்று கேட்டேன்.

"எனக்கு ஆட்டம் தெரியும். நான் கை தவறி வச்சேன்னா, மனசு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமாத்தான் தவறும். உனக்குச் சாயறதுக்கு இடமே இல்ல."

அப்படி ஆரம்பித்த வேலை. முதலில் பல வாரம் அண்ணன் அனுப்பிய பலகையையும் ஆபீஸ் கம்ப்யூட்டரையும் மோதவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் மனைவி கேட்பாள்: "என்ன, ராஜாவைப் படுக்க வைக்கக் கெளம்பிட்டியளா?" தோற்ற பக்கத்து ராஜாவை நான்தான் படுக்க வைப்பேன். எனக்கு ஆட்டம் புரியாது. எந்த ராஜா படுத்தது என்பது மட்டும் மறக்காது.

பெரிய சோதனை ஒன்று வைத்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த பழைய செஸ் புரோகிராமை எடுத்துப் புது லேப்டாப்பில் போட்டார். புதுப் புரோகிராமை எடுத்து ஆபீசில் கழித்த கம்ப்யூட்டரில் போட்டார். கிழவன் புத்தி இளைஞன் உடம்பில், இளைஞன் புத்தி கிழவன் உடம்பில் என்று எனக்கு விளக்கினார். இரண்டையும் மோதவிட்டோம். பழைய கம்ப்யூட்டர் கர்ரென்று இரைந்துகொண்டே யோசிக்கும். நின்றுவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கும். ஆனால் லேப்டாப்பின் ராஜாதான் ஒவ்வொரு வாரமும் படுத்தது. சோதனை முடிந்த அன்றைக்கு அக்கா காப்பியில் சீனி போட மறந்து கொடுத்தார். சந்தோஷத்தில்தான்.

"பார்த்தியா. வேகம் பெருசில்ல தம்பி. வேகம் போனாலும் புத்தி இருந்தா சமாளிச்சிரலாம்."

சொல்லும்போது அவர் கண் கட்டில் பக்கம் போனதை நான் பார்த்தேன்.

அண்ணன் அனுப்பிய பழைய மெஷினோடு மட்டும் அவரே நேராக ஆடுவார். அதை ஒருநாளும் மாற்றவில்லை, அதே மெஷின், அதே புத்தி. ஆளுக்கு இவ்வளவு நிமிஷம் என்று வைத்துக்கொண்டு ஆடுவார். பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். "இது என் தராசு" என்பார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் இடி இறங்கி அந்த மெஷின் செத்துப்போனது. எங்கள் மில் எலக்ட்ரிகல் செக்ஷனில் ஒருத்தர், ராஜபாளையத்தில் தன் வீட்டில் டிவி, ரேடியோ எல்லாம் ரிப்பேர் செய்வார். கெட்டிக்காரர். அவரிடம் கொடுக்கும்போது அக்கா சொன்னது என் காதில் விழுந்தது. "ஒண்ணையும் மாத்தாம ரெடி பண்ணிக் கொடு." ரெடி ஆகி வந்தது. அதற்குள் அம்மாவுக்கு நெஞ்சுச்சளி வந்து ஆஸ்பத்திரி, வீடு என்று அலைச்சல். மெஷின் பல மாதம் துணி போர்த்திக் கிடந்தது.

துணியை எடுத்த ஞாயிறு அக்கா தோற்றார். ஆடி ரொம்ப நாளாச்சு என்றார். அடுத்த ஞாயிறும் தோற்றார். அதற்கடுத்தது நான் மறக்க முடியாத ஞாயிறு. யோசித்து ஒரு காயை வைத்து அழுத்தினார். கீச்சென்றது. வைக்கக் கூடாத கட்டம். கையை எடுத்து, பார்த்து, மறுபடி அதே கட்டத்தில் அழுத்தினார். மறுபடி கீச். அவர் ஆடி அது கத்தி நான் கேட்டதே இல்லை. கட்டிலிலிருந்து அம்மா நிமிர்ந்து பார்த்தார். அக்கா தன் ராஜாவைத் தானே படுக்க வைத்தார். அதுவரை அது என் வேலை.

அந்த மாதம்தான் மில்லிலும் பிரச்சினை. நூல் வாங்கிய கம்பெனி ஒரு லாட் சரக்கை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. லேப் பலமான நூல் என்று எழுதியிருக்கிறது, தறியில் போட்டால் அறுகிறது என்று புகார். மேனேஜர் லேபுக்கே வந்து, "மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்க பார்க்கிறதுதான் தப்பா இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்கு முந்தின வருஷம் புதுப் பிரேம்கள் வந்து பாபின்கள் இரண்டு மடங்கு ஆகியிருந்தன. வேறு யாராக இருந்தாலும் அதைச் சொல்லித் தப்பித்திருப்பார்கள். அக்கா அந்த லாட் நூலில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து வைத்தார்.

அன்று சாயங்காலம் வேனில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, திங்கக்கிழமை எழுதிக் கொடுத்துரலாம்னு இருக்கேன்."

"என்னத்தக்கா?"

"வேலைய விட்டுப் போறேன்னு. தராசு மாறல. அப்ப மாறுனது யாரு?"

கிருஷ்ணன்கோவில் பக்கம் போகும் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கும்போது சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வா. கடைசியா ஒண்ணு பார்த்துருவோம்."

போனேன். பழைய மெஷினும் ஆபீஸ் கம்ப்யூட்டரும் எதிரெதிரே இருந்தன. கம்ப்யூட்டரில் பழைய புரோகிராம் திரும்பப் போட்டிருந்தார்.

"லேப்ல ஒரு மெஷின் மேல சந்தேகம் வந்தா என்ன செய்வோம்? அதே நூலை இன்னொரு மெஷின்ல இழுப்போம்ல. நான் என்னையே நூலா வச்சுப் பார்த்துட்டு இருந்திருக்கேன். இப்ப என்னை விட்டுரு. இதுக ரெண்டும் ஆடட்டும்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "முந்தி இதுக ரெண்டும் ஆடுச்சே, யாரு ஜெயிச்சா? நான் சொல்லமாட்டேன். என் நினைப்பை நம்பி இப்ப எதுவும் செய்யக் கூடாது. நீ சொல்லு."

"கம்ப்யூட்டர்தான்கா. பலகையோட ராஜாவைத்தான் எப்பவும் படுக்க வச்சிருக்கேன்."

"எப்பவுமா?"

"ஒரு தடவைகூட மாறல."

"சரி. ஆரம்பி."

நகர்த்த ஆரம்பித்தேன். அக்கா மேஜையைப் பார்க்காமல் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். சீப்பு பாதியில் நின்று நின்று போனதை வைத்து அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. எங்கே தப்பாக வைத்துவிடுவேனோ என்று ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு தடவை பார்த்து வைத்தேன். ஆட்டம் முடிந்தது என்று கம்ப்யூட்டர் திரையில் எழுத்து வந்தது. எந்த ராஜா என்று பார்த்தேன். நம்பாமல் மறுபடி பார்த்தேன்.

"அக்கா, கம்ப்யூட்டர் ராஜா படுத்துருச்சு."

சீப்பு நின்றது. "இன்னொண்ணு ஆடவிடு."

அதிலும் பலகைதான் ஜெயித்தது. மத்தியானத்துக்கு மேல் ஆடியதிலும் பலகைதான். அக்கா எழுந்து வந்து, பலகையைத் திருப்பி, அடிப்பக்கத்தில் கையை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

"தொட்டுப் பாரு."

லேசான சூடு. முன்னால் அது ஜில்லென்று இருக்கும்.

"எனக்குப் புத்தி மங்குச்சுன்னா சரி. ஆபீஸ் கம்ப்யூட்டருக்குமா அதே மாசத்துல மங்கும்?" என்றார். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு, அப்போதே ராஜபாளையம் பஸ் ஏறினோம்.

எலக்ட்ரிகல்காரர் வீட்டு வாசலில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அக்கா உட்காரவில்லை.

"இதுல என்ன மாத்துன?"

"ஒண்ணும் மாத்தலையேக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகம் மலர்ந்தது. "ஓ, அதுவா. மெஷினுக்கு வேகம் வைக்கிற கிரிஸ்டல் இடியில போயிருக்கும்னு கழட்டுனேன்க்கா. பொறவு பார்த்தா பழுது வேற இடத்துல. ஆனா பழைய கிரிஸ்டல் ரொம்ப ஸ்லோ. பாவமா இருந்துச்சு. அதான் டபுள் ஸ்பீடா ஒண்ணு போட்டுவிட்டேன். அதுக்குக் காசுகூட வாங்கல."

"ஒண்ணையும் மாத்தாதன்னு சொன்னேனா இல்லையா?"

"மாத்துறதுன்னா கெடுக்கிறதுல்லக்கா. நான் கூட்டித்தான விட்டேன்? ஸ்பிண்டில் ஸ்பீடு கூடுனா எல்லாரும் சந்தோஷப்படுதாங்க. நீங்க மட்டும் சண்டைக்கு வாறிய."

எங்கள் ஊரில் வேகம் கூட்டுவது உபகாரம். அவர் மனதறிந்து தப்புச் செய்யவில்லை. அக்கா வாசல் திண்டில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழசு இருக்கா?"

பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து எல்லோரும் தேடினோம். புளியங்கொட்டை அளவில் ஒரு தகரத் துண்டு. திரும்பப் பற்றவைத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு நிம்மதி. "அப்ப திங்கக்கிழமை எழுதிக் கொடுக்க வேண்டாம்லாக்கா" என்றேன். நானாகப் பேச்சை ஆரம்பிப்பது அபூர்வம்.

"மெஷின் மாறுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் பையை மடியில் பிடித்துக்கொண்டு. "நான் மாறலன்னு இன்னும் தெரியலையே. அது கீச்சுன்னு கத்துனதுக்கும் கிரிஸ்டலுக்கும் சம்பந்தம் இல்ல தம்பி."

அடுத்தடுத்த ஞாயிறுகளில் பழைய கிரிஸ்டல் போட்ட மெஷினோடு ஆடினார். எழுதிக் கொடுப்பது அதுவரை தள்ளிப்போனது. காயை நான் நகர்த்த வேண்டும், அவர் கட்டத்தை வாயால் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அவர் சொல்லும் ஒவ்வொரு தடவையும் கீச் சத்தம் வருமோ என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு அழுத்துவேன். வரவில்லை. ஆனால் தோற்றார். முன்போலப் படுதோல்வி இல்லை. ஜெயிப்பது போலப் போய், கடைசியில் நிமிஷம் போதாமல் அவசரப்பட்டுத் தோற்றார்.

"ஒண்ணை மட்டும் மாத்துவோம்" என்றார் மெதுவாக. "மெஷினுக்கு அதே நேரம். எனக்கு ரெண்டு மடங்கு."

அந்த ஆட்டம் எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டோம். அம்மா முந்தியை மடிப்பதும் பிரிப்பதும் மட்டும் கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். தூங்கிவிட்டாரோ என்று பார்ப்பேன். கண்ணைத் திறக்காமலே கட்டத்தைச் சொல்வார். நான் வைத்து அழுத்துவேன். கடைசியில் சிவப்பு விளக்கெல்லாம் மின்னியது. நான் பலகையின் ராஜாவைப் படுக்க வைத்தேன். அடுத்த வாரமும் படுக்க வைத்தேன்.

"புத்தி இருக்கு" என்றார். "வேகம்தான் போச்சு."

மறுநாள் லேபில் எடுத்து வைத்திருந்த பழைய லாட் நூலை நிதானமாக மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டார். நான் டிரேயோடு கதவோரம் நின்றேன்.

"சார், அந்த லாட்ல ரெண்டு இடத்துல நான் தப்பா எழுதியிருக்கேன். மத்ததெல்லாம் சரி."

"அப்ப ஒத்துக்கிறீங்க. ரிசைன் பண்றதா இருந்தா..."

"இல்ல சார். அவசரத்துல பார்த்ததுதான் தப்பாயிருக்கு. நிதானமாப் பார்த்தா தப்பு வரல. பாபினைப் பாதியாக்குங்க, இல்லன்னா இன்னொரு ஆளைப் போடுங்க. ரெண்டையும் செய்யாதிய. ஒண்ணை மட்டும் மாத்துங்க."

மேனேஜர் பார்க்கலாம் என்று சொல்லிப் போனார். கொஞ்ச நாளில் மகாராஜபுரத்திலிருந்து ஒரு பொண்ணு லேபுக்கு வேலைக்கு வந்தது. அக்கா ஓய்வு பெறும்வரை லேபில்தான் இருந்தார்.

அம்மா காலமான பிறகு அவர் கூமாப்பட்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போனார். சாமான் ஏற்றும் அன்று பழைய மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது என் வேகத்தைச் சொல்லும், ஆட்டத்தைச் சொல்லும். நான் எப்படிப்பட்ட ஆளுன்னு இதுக்குத் தெரியாது. அதை நீ எழுதி வை."

"எனக்கு எழுத வராதேக்கா."

"அதான் நீ. நல்லா எழுதுறவன் என்னையும் நல்லாக்கிருவான். எழுதுனதை யாரையும் திருத்த விடாத. அப்பப்ப வந்து வாசிச்சுக் காட்டு. ஆமா, நான்தான்னு சொன்னேன்னா சரி. யாரு இந்தப் பொம்பளைன்னு கேட்டேன்னா..."

"கேட்டா?"

"காகிதம் மாறியிருக்காதுல்ல."

வேன் போய்விட்டது. எழுத வேண்டும் என்று நினைப்பேன், கை போகாது. இன்று காலையில் அக்கா போன் செய்தார். எழுதிட்டியா தம்பி என்று கேட்டார். இல்லக்கா, எழுதுறேன் என்றேன். சரி, அவசரமில்லை என்றார். சாயங்காலம் மறுபடி போன். எழுதிட்டியா தம்பி என்று, முதல் தடவை கேட்பது போலவே கேட்டார்.

போனை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தவன் இப்போதுதான் எழுந்திருக்கிறேன். நாளைக் காலை கூமாப்பட்டி பஸ்ஸில் இதை எடுத்துக்கொண்டு போகிறேன். முதலிலிருந்து மெதுவாக வாசிப்பேன். அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கொடுப்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஐப்பசி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.